ஆறாம் வகுப்புல ஒரு வாரம் எப்படிப் போகும்? (ஒரு கவர்மென்ட் நடுநிலைப்பள்ளி டீச்சரோட பதில்)

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன் சிஸ்டர். பொண்ணு அஞ்சாவது வரைக்கும் பிரைவேட்ல இங்கிலீஷ் மீடியம் படிச்சிருக்கா, வர்ற ஜூன்ல ஊர்லயே இருக்கற அரசு நடுநிலைப்பள்ளில ஆறாவது சேர்க்கலாம்னு இருக்கீங்க, ஆனா "அங்க ஒரு வாரத்துல உண்மையிலேயே என்னதான் நடக்குது, பாடம் நடத்துவாங்களா, வீட்ல நான் என்ன கவனிக்கணும், டிசி விஷயம் எப்படி" இதானே கேட்டிருக்கீங்க. நான் டெல்டா பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளில கணக்கும் அறிவியலும் எடுக்கறேன், பதினேழு வருஷமா ஆறு ஏழு எட்டுதான். அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒண்ணு. ஆறாவதுங்கறது அஞ்சாவதுக்கு அடுத்த படி மட்டும் இல்ல. அஞ்சாவது வரைக்கும் பிள்ளைக்கு ஒரே டீச்சர். அவங்களுக்கு இவ காலைல சாப்பிட்டாளா, நேத்து வீட்ல சண்டையா எல்லாமே தெரியும். ஆறாவதுல திடீர்னு தமிழுக்கு ஒருத்தர், இங்கிலீஷுக்கு ஒருத்தர், கணக்குக்கு ஒருத்தர்னு மாறுது. எங்கள மாதிரி சின்ன ஸ்கூல்ல மூணு பட்டதாரி ஆசிரியர்தான், மூணு வகுப்பையும் நாங்கதான் மாத்தி மாத்தி எடுப்போம், நானே கணக்கு, நானே அறிவியல். கல்வி உரிமைச் சட்டத்துல 2009லயே போட்டிருக்கு, ஆறு முதல் எட்டு வரைக்கும் அறிவியல் கணக்குக்கு ஒருத்தர், சமூக அறிவியலுக்கு ஒருத்தர், மொழிக்கு ஒருத்தர் கண்டிப்பா இருக்கணும், 35 பிள்ளைக்கு ஒரு டீச்சர், வருஷத்துக்கு 220 நாள், 1000 மணி நேரம்னு. உங்க ஊர் ஸ்கூலுக்குப் போனா மொதல்ல இத கேளுங்க, "ஆறாவதுக்கு எந்தெந்த சப்ஜெக்ட் டீச்சர் இருக்காங்க?" பில்டிங் பெயின்ட் அடிச்சிருக்கா, ஸ்மார்ட் போர்டு இருக்கான்னு கேக்கறதவிட இந்த ஒரு கேள்வி போதும்.

இப்ப வாரம். எங்க ஸ்கூல்ல ஒரு நாளைக்கு எட்டு பீரியட், வாரத்துக்கு 40. அதுல கணக்குக்கும் அறிவியலுக்கும் சேர்த்து எனக்கு பதினாலு. கேக்க நிறைய மாதிரி இருக்கும், ஆனா ஒரு மீட்டிங், ஒரு ஊசி போடற முகாம், ஒரு மழை லீவு, ரெண்டு நாள் பயிற்சின்னு வந்துட்டா பத்து கூட தேறாது.

திங்கக்கிழமை கொடியேத்தற நாள், முழு பிரேயர். தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், பேப்பர்ல இருந்து நியூஸ் படிக்கறது, இன்று ஒரு தகவல். இந்த நியூஸ் படிக்கற வேலைய நான் ஆறாவது பிள்ளைங்களுக்குத்தான் கேட்டு வாங்கிக்குவேன், ஏன்னா முந்தின நாளே வீட்ல நாலு தடவ படிச்சுப் பாத்துட்டு வருவாங்க, அது எந்த ரீடிங் பீரியடையும்விட பெரிய பயிற்சி. முதல் பீரியட் பாதி வருகைப்பதிவு ஆப்லயே போயிடும், நெட் இல்லைன்னா ஜன்னலோரம் போன தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கறதும் உண்டு. அதுக்கப்புறம் வீட்டுப்பாட நோட்டு. திங்கக்கிழமை நான் புதுப் பாடம் ஆரம்பிக்கவே மாட்டேன், ரெண்டு நாள் லீவுல பாதிப் பேருக்கு போன வாரம் நடத்தினது காத்தோட போயிருக்கும், அதனால வெள்ளிக்கிழமை எங்க விட்டோம்னு அவங்களையே சொல்லச் சொல்லுவேன்.

புத்தகத்தப் பத்தி சொல்லணும்னா, ஆறாவதுக்கு மூணு பருவமா பிரிச்சுத்தான் தருவாங்க, 2012-13ல வந்த முப்பருவ முறை அது. அதனால பை கனம் கம்மி. இப்ப இருக்கற பாடத்திட்டம் 2018ல மாத்தினது. மார்க்குன்னு பாத்தா பருவத்துக்கு நூறு, அதுல 60 பருவத் தேர்வு, மீதி 40 வளரறி மதிப்பீடு, அதாவது செயல்பாட்டுக்கு 20, சின்னச் சின்ன டெஸ்ட்டுக்கு 20. இந்த செயல்பாட்டு மார்க்க வெச்சுத்தான் ஒரு கூத்தே நடக்கும். பிள்ளை செய்யவேண்டிய பிராஜெக்ட்ட அம்மா பிரவுசிங் சென்டர்ல பிரின்ட் அவுட் எடுத்து சார்ட்ல ஒட்டி அனுப்பிடுவாங்க, கலர்கலரா அழகா இருக்கும், "இது என்ன பாப்பா"ன்னு கேட்டா பாப்பா முழிக்கும். தயவுசெஞ்சு நீங்க அத பண்ணாதீங்க. கோணல்மாணலா அவளே வரைஞ்ச இலை போதும் எங்களுக்கு.

உங்க பெரிய சந்தேகம், "பாடம் நடத்துவாங்களா"ங்கறது. நடத்துவோம். ஆனா நடத்தறதும் பிள்ளை கத்துக்கறதும் வேற வேற, அது எந்த மீடியமா இருந்தாலும் எந்த ஸ்கூலா இருந்தாலும். ஒரு வாரத்துல எங்க நிஜமா படிப்பு நடக்குதுன்னு கேட்டா, பிள்ளைங்களோட தப்பு வெளிய வர்ற மூணு நாலு பீரியட்லதான் நடக்குதுன்னு சொல்லுவேன். மத்ததெல்லாம் எழுதிப் போடறது, திருத்தறது, சத்தம் போடாதன்னு சத்தம் போடறது.

போன ஜூன் கடைசில நடந்தது ஒண்ணு. ஆறாவது அறிவியல் முதல் பருவத்துல முதல் பாடமே "அளவீடுகள்". ரெண்டு ரெண்டு பேரா உக்காரவெச்சு, எல்லாருக்கும் ஒரே நீளத்துல வெட்டின ஒரு பென்சில் துண்ட குடுத்து அளந்து சொல்லுங்கன்னேன். நான் வெட்டினது சரியா 7 செ.மீ. ஒரு பையன் இருக்கான், தமிழ் வாசிப்புல ரெண்டாம் வகுப்பு அளவுலதான் இருந்தான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், அதனால வாயே திறக்கமாட்டான். அவன்கிட்ட இருந்தது உடைஞ்ச ஸ்கேல். "டீச்சர், என் ஸ்கேல்ல ஜீரோவே இல்ல, நாலுலதான் ஆரம்பிக்குது, நான் எப்படி அளக்கறது"ன்னான். "உனக்கு எப்படித் தோணுதோ அப்படி அள"ன்னு விட்டுட்டேன். பத்து நிமிஷத்துல போர்டுல மூணு விடை வந்துச்சு. நல்ல முழு ஸ்கேல் வெச்சிருந்த பாதிப் பேர் 6.6ன்னாங்க. நாலஞ்சு பேர் 8ன்னாங்க. இவன் 7.

எது சரின்னு நான் சொல்லல. மூணையும் போர்டுலயே விட்டுட்டு, "ஒவ்வொருத்தரும் வந்து எப்படி வெச்சு அளந்தீங்கன்னு காட்டுங்க"ன்னேன். 6.6 சொன்னவங்க பென்சில ஸ்கேலோட விளிம்புல வெச்சிருக்காங்க, பிளாஸ்டிக் ஸ்கேல்ல விளிம்புக்கும் ஜீரோ கோட்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் இருக்குமில்ல, அந்த 4 மில்லிமீட்டர் அங்க போயிடுச்சு. 8 சொன்னவங்க ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிருக்காங்க, எண்ணறது ஒண்ணுல இருந்துதானேன்னு அவங்க நியாயம். நம்ம பையன் வந்தான், பென்சில நாலுல வெச்சான், "பதினொண்ணுல முடியுது டீச்சர். நடுவுல எத்தன கட்டம் இருக்குன்னு எண்ணினேன், ஏழு"ன்னான். வகுப்புல ஒரு அமைதி. முன் பெஞ்சுல எப்பவும் முதல் ரேங்க் வாங்கற பொண்ணு எந்திரிச்சு, "அப்ப ஜீரோ இல்லாமயே அளக்கலாமா டீச்சர்?"ன்னு கேட்டா பாருங்க, அந்தக் கேள்விக்காகத்தான் நான் அந்த வாரம் முழுக்க ஸ்கூலுக்குப் போனேன்னு வெச்சுக்கோங்க.

அடுத்த நாள் எல்லாரும் வேணும்னே ஜீரோவ விட்டுட்டு நடுவுல இருந்து அளந்தாங்க, பெஞ்ச, ஜன்னல் கம்பிய, பக்கத்துல இருக்கறவன் மூக்க. பாடம் ரெண்டு பீரியட் லேட் ஆச்சு. ஆகட்டும்.

இத ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, உங்க பொண்ணு உக்காரப்போற வகுப்புல இந்த மாதிரி எல்லா வகையும் இருக்கும். எங்க ஸ்கூல்லயே அஞ்சாவது முடிச்சு மேல வர்றவங்க, சுத்துப்பட்டு தொடக்கப்பள்ளில இருந்து வர்றவங்க, உங்கள மாதிரி பிரைவேட்ல இருந்து வர்றவங்க. ஒருத்தி நாவல் படிப்பா, பக்கத்துல இருக்கறவன் "தாத்தா"வ எழுத்துக்கூட்டுவான். இதப் பாத்து "ஐயோ என் பொண்ணு பின்னாடி போயிடுவாளோ"ன்னு பயப்படற அம்மாக்கள நிறைய பாத்திருக்கேன். இந்த இடைவெளி இருக்கறது உண்மைதான், அத மறைக்கல. அதுக்காகத்தான் 2025-26ல ஆறு முதல் ஒன்பது வரைக்கும் "திறன்"னு ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க, முதல்ல ஒரு டெஸ்ட் வெச்சு தமிழ், இங்கிலீஷ், கணக்குல அடிப்படை இல்லாத பிள்ளைங்களக் கண்டுபிடிச்சு அவங்களுக்குத் தனிப் பயிற்சிப் புத்தகம், தனி நேரம். எங்க வகுப்புல கொஞ்சப் பேர் அதுக்குப் போறாங்க, அந்த ஸ்கேல் பையனும்தான். இப்ப பத்தி பத்தியா படிக்கறான். எல்லாரும் அவன மாதிரி மேல வந்துட்டாங்கன்னு சொன்னா பொய்.

அப்புறம் உங்க பொண்ணு அடிப்படைல ஸ்ட்ராங்ன்னு முடிவு பண்ணிடாதீங்க. செவ்வாய் புதன்ல நான் வழக்கமா ஒரு கணக்கு குடுப்பேன், 612 ஐ 6 ஆல் வகுக்கணும். அவ்வளவுதான். பிரைவேட்ல இருந்து வந்த பிள்ளைங்க, நோட்டு பளபளன்னு, மார்ஜின் போட்டு, கையெழுத்து முத்து முத்தா எழுதி விடை 12ன்னு போட்டுட்டு வருவாங்க. நம்ம பிள்ளைங்களும் அதே 12தான், என்ன, கையெழுத்து மட்டும் கொஞ்சம் கிறுக்கலா இருக்கும். ஆற ஆறால வகுத்தா ஒண்ணு, ஒண்ணுல ஆறு போகாது, அதனால அத அப்படியே தாண்டிப் போயி பன்னெண்டுல ரெண்டு தடவ, ஆக 12. அந்த நடுவுல ஒரு ஜீரோ போடணும்ங்கறது யாருக்கும் ஒட்டல.

இதுக்கு நான் விதி சொல்றதில்ல, காசு எடுத்துருவேன். பேப்பர்ல வெட்டின ஆறு நூறு ரூபா, ஒரு பத்து ரூபா நோட்டு, ரெண்டு ஒரு ரூபா. ஆறு பேர முன்னாடி நிக்கவெச்சு பங்கு போடச் சொல்லுவேன். ஆளுக்கு ஒரு நூறு போச்சு. பத்து ரூபா ஒரே நோட்டு, ஆறு பேருக்கு எப்படி குடுப்ப? "கிழிச்சுக் குடுக்கலாம்"னு ஒருத்தன் கண்டிப்பா சொல்லுவான், வருஷா வருஷம் ஒருத்தன் சொல்லுவான். இன்னொருத்தி "கடைல சில்லறை மாத்தணும்"பா. மாத்தினா பத்து ஒரு ரூபா, ஏற்கெனவே இருக்கற ரெண்டோட பன்னெண்டு, ஆளுக்கு ரெண்டு. இப்ப உன் கைல எவ்வளவு? நூத்தி ரெண்டு. போர்டுல எவ்வளவு எழுதின? பன்னெண்டு. "டீச்சர் தொண்ணூறு ரூபாய யாரோ அடிச்சிட்டாங்க"ன்னு கத்துவாங்க. பத்து ரூபா நோட்டு யாருக்கும் கிடைக்கலங்கறதுதான் நடுவுல இருக்கற ஜீரோ, அத எழுதாம விட்டா உன் காசு போச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்கு தப்பு வராது. அப்புறம் மறுபடியும் வரும், மறுபடியும் காசு எடுப்பேன்.

சாப்பாடு பத்திக் கேக்கல நீங்க, ஆனா சொல்லணும். மதியம் சத்துணவு உண்டு, முட்டையோட. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். பிரைவேட்ல இருந்து வர்ற பிள்ளைங்க முதல் வாரம் டிபன் பாக்ஸ் தூக்கிட்டு வருவாங்க, ரெண்டாவது வாரம் தட்டு தூக்கிட்டு வரிசைல நிப்பாங்க. ஆனா காலைச் சாப்பாடு, 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஒண்ணு முதல் அஞ்சு வரைக்கும்தான். ஒரே காம்பவுண்டுக்குள்ள தங்கச்சி உப்புமா சாப்பிடுவா, ஆறாவது படிக்கற அக்கா வேடிக்கை பாப்பா. அஞ்சாவது வரைக்கும் ஸ்கூல்ல சாப்பிட்டுப் பழகின பிள்ளைங்க ஆறாவது வந்ததும் வெறும் வயித்தோட வந்துடறாங்க, மூணாவது பீரியட்ல தலை பெஞ்சுல சாயுது. கணக்கு வராததுக்குப் பாதி காரணம் இதான்னு நான் அடிச்சுச் சொல்லுவேன். காலைல ரெண்டு இட்லியாவது போட்டு அனுப்புங்க.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கப்புறம் இரும்புச்சத்து மாத்திரை, ஊதா... இல்ல நீலக் கலர். வெறும் வயித்துல போட்டா பிரட்டும், அதனால சாப்பிட்டுட்டுத்தான் குடுப்போம். மாத்திரைய நாக்குக்கு அடில ஒளிச்சு வெச்சிட்டு ஜன்னல் வழியா துப்பற கலைஞர்கள் எல்லா வகுப்புலயும் இருக்காங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்கு இந்த வயசுல இது ரொம்ப முக்கியம், வீட்லயும் சொல்லி அனுப்புங்க.

வானவில் மன்றம்னு அறிவியலும் கணக்கும் செஞ்சு பாத்துக் கத்துக்கற திட்டம் ஒண்ணு, 2022 நவம்பர் 28ல திருச்சி காட்டூர்ல தொடங்கினது, ஆறு முதல் எட்டு வரைக்கும் பிள்ளைங்களுக்கு. வெளிய இருந்து ஒருத்தர் பொருளோட வந்து செஞ்சு காட்டி, பிள்ளைங்களையும் செய்யவிடுவாங்க. எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் பாட்டில்ல ஊத்தி வாயில பலூன மாட்டினா பலூன் தானா ஊதும் பாருங்க, அந்த வாரம் ஊர்ல ஒரு கடைலயும் சமையல் சோடா மிஞ்சாது. வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் நூலகம், இல்லைன்னா மன்றம். "தேன்சிட்டு"ன்னு பள்ளிக்கல்வித் துறையோட சிறுவர் இதழ் வரும், அத சண்டை போட்டுப் படிப்பாங்க. விளையாட்டு பீரியட் வாரத்துக்கு ரெண்டு. உண்மையச் சொல்லணும்னா பாடம் முடிக்காத டீச்சர்ஸ் அந்தப் பீரியடக் கடன் வாங்குவோம், நானும் வாங்கியிருக்கேன், திருப்பிக் குடுத்ததில்ல.

குறையும் இருக்கு. மூணு பேர்ல ஒருத்தருக்குப் பயிற்சி வந்துட்டா ரெண்டு பேர் மூணு வகுப்பப் பாக்கணும், அன்னைக்கு ஆறாவதையும் ஏழாவதையும் சேர்த்து உக்காரவெச்சிடுவோம், நடத்தறதுன்னு ஒண்ணும் இருக்காது. ஒரு வருஷம் எங்களுக்கு சமூக அறிவியலுக்கு ஆளே இல்லாம அரையாண்டு வரைக்கும் ஓடுச்சு, தமிழ் டீச்சரே சிந்துவெளியும் சூரியக் குடும்பமும் நடத்தினாங்க, பாவம். அதான் முதல்லயே ஆள் இருக்காங்களான்னு கேக்கச் சொன்னேன்.

வீட்ல என்ன பாக்கறதுன்னு கேட்டீங்க. தினம் "இன்னைக்கு என்ன நடத்துனாங்க"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னுதான் வரும், என் பையனும் எனக்கே அதான் சொல்லுவான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்கு ரஃப் நோட்ட எடுத்துப் பாருங்க. ஃபேர் நோட்டு வேணாம், அது எங்களுக்காக எழுதினது. ரஃப் நோட்டுல அடிச்சுத் திருத்தி, பக்கத்துல வேற வழில போட்டுப் பாத்து, அப்படி இருந்தா அந்த வாரம் நல்ல வாரம். போர்டுல இருந்தது அப்படியே அடித்தல் இல்லாம இருந்தா ஒரே ஒரு கணக்க எடுத்து "இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லிக்குடு"ன்னு கேளுங்க. நீங்க தப்பா புரிஞ்ச மாதிரி நடிச்சா இன்னும் நல்லா சொல்லுவா. மீடியம் பத்தின பயத்துக்கு, இங்கிலீஷ் மீடியம் பிரிவு உங்க ஊர் ஸ்கூல்ல இருக்கான்னு விசாரிங்க, இல்லைன்னா தமிழ் மீடியத்துலயே சேருங்க, ஒரு சின்ன நோட்டுல ரெண்டு பக்கமும் எழுதச் சொல்லுங்க, ஃபேக்டர்னா காரணி, மல்டிபிள்னா மடங்கு, நியூமரேட்டர் தொகுதி, டினாமினேட்டர் பகுதி, ரேஷியோ விகிதம். மொத்தமே நூறு நூத்தம்பது வார்த்தைதான், காலாண்டுக்குள்ள பழகிடும். எழுத்துப்பிழைதான் கொஞ்ச நாள் இருக்கும், ல, ள, ழ இந்த மூணு எழுத்துலயும் வழுக்குவா, அத சத்தமா வாசிக்கவெச்சே சரி பண்ணலாம்.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாம எட்டாவதுக்கு அப்புறம் வந்து கேப்பாங்க. மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும், காலேஜ் போகும்போது மாசம் 1000 ரூபா குடுக்கற புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருக்கணும்ங்கறதுதான் கணக்கு. அதனால மாத்தறதா இருந்தா ஆறாவதுலயே மாத்திடறது புத்திசாலித்தனம், ஏழாவதுல பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க. எட்டாவதுல என்எம்எம்எஸ்னு ஒரு உதவித்தொகைப் பரீட்சை இருக்கு, பாஸாகித் தேர்வானா ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் மாசம் 1000. அதுக்கு ஆறாவது ஏழாவதுல கணக்கு ஒழுங்கா வந்திருந்தாலே பாதி வேலை முடிஞ்சது.

டிசிக்கு வருவோம். பழைய ஸ்கூல்ல டிசி வாங்கும்போது எமிஸ் நம்பர (பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல பிள்ளைக்கு இருக்கற நம்பர்) எழுதி வாங்கிக்கோங்க, அதோட அவங்க எமிஸ்ல பிள்ளைய "காமன் பூல்"க்கு, அதாவது வேற ஸ்கூல் எடுத்துக்கற பொதுப் பட்டியலுக்கு, மாத்திட்டாங்களான்னு நேர்லயே நின்னு பாத்துட்டு வாங்க. பேப்பர் டிசி மட்டும் குடுத்துட்டு கம்ப்யூட்டர்ல மாத்தாம விட்டுடுவாங்க, அப்புறம் எங்களால பேர ஏத்த முடியாது, வருகைப்பதிவுலயும் வராது. ஃபீஸ் பாக்கின்னு டிசிய இழுத்தடிச்சாலும் பயப்படாதீங்க, டிசி லேட்டாகுதுங்கற காரணத்துக்காக அரசுப் பள்ளில சேர்க்கைய மறுக்கக்கூடாதுன்னு அதே கல்வி உரிமைச் சட்டத்துல இருக்கு, ஹெச்எம்கிட்ட ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் குடுத்து சேர்த்துட்டு மத்தத பின்னாடி பாக்கலாம். முதல் நாள் ஒரு சாப்பாட்டுத் தட்டும், ஜீரோ இருக்கற ஸ்கேல் ஒண்ணும் குடுத்து அனுப்புங்க. உடைஞ்சாலும் பரவால்ல.